தொலைமருத்துவமும் நீங்கும் பயணமும்: திருகோணமலை மாவட்டத்தை முன்வைத்து ஒரு சூழற் கணக்கு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம். அவையில் இடையிடையே தரப்பட்ட விளக்கங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)



நோயைத் தீர்ப்பதற்கென ஏற்பட்ட ஒரு துறை, தன் புகையாலும் கழிவாலும் காற்றையும் நீரையும் கெடுத்து, நாளைய நோயாளரைத் தானே உண்டாக்குகிறது என்ற உண்மை மருத்துவ உலகில் கடந்த இருபது ஆண்டுகளாகவே அழுத்தமாகப் பேசப்படுகிறது. அப்பேச்சோடு சேர்ந்து, தொலைமருத்துவம், அதாவது வைத்தியரும் நோயாளரும் வெவ்வேறு இடங்களில் இருந்துகொண்டு தொலைபேசி, காணொளி, இலத்திரனியல் பதிவு ஆகியவற்றின் வழியே நடத்தும் மருத்துவப் பணி, சூழலுக்கு உகந்த வழியென்று பரவலாகப் புகழப்படுகிறது. அப்புகழ் எவ்வளவு தூரம் தகும், திருகோணமலை போன்றதொரு துறைமுக மாவட்டத்தில் அதற்குத் தகுதியுடையதாகத் தொலைமருத்துவத்தை அமைப்பது எவ்வாறு என்பவையே இவ்வுரையின் பொருள்.

இவ்வுரை நிறுவ முயலும் கருத்து ஒன்றே. தொலைமருத்துவத்தின் சூழற் பயன் அது நீக்கும் பயணத்தின் அளவே ஆகும். நோயாளர் ஒருவர் வைத்தியசாலைக்குச் செல்வது வைத்தியரின் சொல்லுக்காகவும் பரிசோதனைக்காகவும் மருந்துக்காகவும் ஆதலால், இம்மூன்றும் ஒன்றுசேர ஊருக்கு அருகே வந்தால்தான் பயணம் நீங்கும். சொல் மட்டும் திரையில் வந்தால் பயணம் அப்படியே இருக்க, அதன்மேல் ஓர் அழைப்பும் ஒரு கருவியும் கூடுதலாகச் சேரும். இக்கருத்து எட்டுக் கூறுகளாக விரிக்கப்படுகிறது.

1. மருத்துவத் துறையின் சூழற்சுமை

ஒரு செயலாலோ ஒரு பண்டத்தாலோ வளிமண்டலத்தில் சேரும் பச்சைவீட்டு வாயுக்களின் மொத்த அளவு, காபனீரொட்சைட்டின் எடையாக மாற்றிச் சொல்லப்படும்போது காபன் தடம் எனப்படுகிறது. தீங்கற்ற சுகாதாரம் என்னும் பன்னாட்டு அமைப்பும் அரூப் நிறுவனமும் 2019 இல் வெளியிட்ட அறிக்கை, உலகின் நிகர வெளியேற்றத்தில் 4.4 சதவீதம் மருத்துவத் துறையைச் சார்ந்தது என்றும், அது 514 நிலக்கரி அனல்மின் நிலையங்களின் ஆண்டு வெளியேற்றத்துக்கு ஈடானது என்றும் மதிப்பிட்டது. அத்தொகையில் 17 சதவீதம் வைத்தியசாலை வளாகங்களிலிருந்தும் அவற்றின் வாகனங்களிலிருந்தும் நேரே வெளிவருகிறது. 12 சதவீதம் வாங்கப்படும் மின்சாரம் முதலியவற்றால் உண்டாகிறது. எஞ்சிய 71 சதவீதம் மருந்து, கருவி, உணவு, துணி, பொதி ஆகியவற்றை உற்பத்தி செய்து கொண்டுவந்து சேர்க்கும் வழங்கல் சங்கிலியில் கிடக்கிறது.

இப்பங்கீடு தொலைமருத்துவத்தைப் பற்றி மிகையாகப் பேசுவோரை முதலிலேயே நிதானிக்கச் செய்ய வேண்டும். சுமையின் பெரும்பகுதி பயணத்தில் இல்லை. வழங்கல் சங்கிலியில் உள்ளது. ஆயினும் நோயாளர் தம் செலவில் செய்யும் பயணம் பெரும்பாலான வைத்தியசாலைக் கணக்குகளில் எழுதப்படுவதே இல்லை என்பதும் உடன் கருதத்தக்கது. 2020 இல் உலகின் தேசிய சுகாதார சேவைகளுள் முதலாவதாக நிகர பூச்சிய இலக்கை அறிவித்து, தன் நேரடி வெளியேற்றத்துக்கு 2040 ஐயும் ஏனையவற்றுக்கு 2045 ஐயும் எல்லையாக வகுத்த இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, நோயாளரும் அவர்களைப் பார்க்க வருவோரும் செய்யும் பயணத்தையும் தன் விரிந்த கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. இலவச மருத்துவத்தை அரசின் கடமையாகக் கொண்ட இலங்கையில், சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அதனிடம் போய்ச் சேர்வதற்கான செலவு, பணமாகவும் புகையாகவும், நோயாளரின் பெயரிலேயே எழுதப்படுகிறது.

2. குடாவும் ஆறும் வகுத்த தூரம்

திருகோணமலை மாவட்டத்தில் இரண்டு ஊர்களுக்கிடையிலான தூரம் நிலப்படத்தில் அளக்கும் கோட்டால் தெரிவதில்லை. நகரம் ஒரு முனையில் இருக்க, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் மூதூர் இருக்கிறது. மகாவலி அக்குடாவில் கலக்கிறது. தம்பலகாமக் குடாவின் வாயிலில் கிண்ணியா அமைந்துள்ளது. மாவட்டத்தின் தென் எல்லையில் வெருகல் ஆறு ஓடுகிறது. வடக்கே குச்சவெளி வழியாகப் புல்மோட்டை வரை கரையோரம் நீள, மேற்கே கோமரங்கடவல, பதவி ஸ்ரீபுர ஆகிய உள்நாட்டுப் பிரிவுகள் காட்டுக்கும் குளங்களுக்கும் இடையே பரந்து கிடக்கின்றன. மூதூரிலிருந்து நகர வைத்தியசாலைக்கு வருவோர் லோஞ்ச் ஏறிக் குடாவைக் கடந்ததும், கரையோர வீதியில் துறைக்குத் துறை படகுப்பாதைக்குக் காத்திருந்ததும் முதியோர் நினைவில் இன்னும் உள்ளவை. 2009 இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலமும், அதன்பின் மட்டக்களப்பு வீதியில் அமைந்த ஏனைய பாலங்களும் அத்தூரத்தைப் பெரிதும் குறைத்தன. எனினும் 2021 நவம்பர் 23 அன்று, பாலம் கட்டி முடியாத குறிஞ்சாக்கேணியில் மாணவரை ஏற்றிச்சென்ற படகுப்பாதை கவிழ்ந்து பிள்ளைகள் உயிரிழந்தமை, நீரைக் கடத்தல் இம்மாவட்டத்தில் முடிந்துபோன கதையன்று என்பதைக் காட்டியது.

இந்நிலவமைப்பின் மேல் மருத்துவ சேவையின் அடுக்கு பொருந்தியிருக்கிறது. ஊர்மட்டத்தில் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளும் பிரதேச வைத்தியசாலைகளும், அவற்றுக்கு மேலே கிண்ணியா, மூதூர், கந்தளாய் போன்ற ஆதார வைத்தியசாலைகளும், நகரில் மாவட்டப் பொது வைத்தியசாலையும் உள்ளன. அதற்கும் மேற்பட்ட சிகிச்சைக்கு மட்டக்களப்பு, அநுராதபுரம், கண்டி ஆகிய இடங்களின் போதனா வைத்தியசாலைகளுக்கும், புற்றுநோயெனில் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் செல்ல வேண்டியிருக்கிறது. கொழும்பு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரம். விசேட வைத்திய நிபுணர்கள் மேலடுக்கில் திரண்டிருக்க, நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் ஆஸ்துமாவும் ஊரெங்கும் பரவியிருப்பதால், நாட்பட்ட நோயாளரின் பயணம் ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை.

3. கிளினிக் நாளின் மூன்று காரியங்கள்

தொலைமருத்துவம் எதை நீக்கும் என்று அறிய, கிளினிக் நாளொன்றில் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நலம். நீரிழிவுக்காரர் ஒருவர் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு வீட்டைவிட்டுப் புறப்படுகிறார்; கையில் ஓரம் மடிந்த கிளினிக் கொப்பியும் பழைய பரிசோதனைத் துண்டுகள் வைத்த பொலித்தீன் உறையும் இருக்கின்றன. இலக்கம் எடுத்துக் காத்திருக்கிறார், இரத்தம் கொடுக்கிறார், தேநீர் குடித்துவிட்டு மீண்டும் வாங்கில் அமர்கிறார், தன் முறை வந்ததும் சில நிமிடங்கள் வைத்தியரைக் காண்கிறார், பெரும்பாலும் பழைய மருந்தே மறுபடி எழுதப்படுகிறது, பிறகு மருந்து கொடுக்குமிடத்தில் இன்னொரு வரிசை, ஒரு மாதத்துக்கான குளிசைகளை வாங்கிக்கொண்டு, அடுத்த திகதி எழுதிய கொப்பியோடு திரும்புகிறார்.

இந்நாளில் வைத்தியரின் சொல்லுக்கு ஆன நேரம் மிகச் சிறிது. மீதியெல்லாம் பரிசோதனைக்கும் மருந்துக்கும் வரிசைக்கும் வழிக்கும் ஆனது. காணொளி அழைப்பு அந்தச் சில நிமிடங்களை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால், நோயாளர் மருந்துக்காக எப்படியும் புறப்பட்டாக வேண்டும். இரத்தப் பரிசோதனைக்காக இன்னொரு நாளும் போகக்கூடும். அப்போது ஒரு பயணம் இரண்டாகுமே தவிரக் குறையாது. சூழற் கணக்கில் தொலைமருத்துவத் திட்டமொன்றை மதிப்பிடுவோர் நடந்த அழைப்புகளின் எண்ணிக்கையைப் பெருமையாக எடுத்துக்காட்டுவது வழக்கம். அவ்வெண்ணிக்கை எதையும் நிறுவாது. எத்தனை பயணங்கள் நடவாமற்போயின என்ற எண்ணிக்கையே கேட்கப்பட வேண்டியது.

மருந்தை வீட்டுக்கு அனுப்புவது இயலாத காரியமன்று என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, அரச வைத்தியசாலைகளின் கிளினிக் நோயாளருக்கான மருந்துகளைத் தபால் திணைக்களத்தின் வழியே வீடுகளுக்கு அனுப்பும் ஏற்பாடு செய்யப்பட்டது. தபால்காரர் எப்படியும் ஊரைச் சுற்றி வருபவர். அவர் பையில் ஒரு மருந்துப் பொதி கூடுவதால் எரியும் எரிபொருள் மிகச் சொற்பம். நெருக்கடிக்கான உபாயமாகக் கருதப்பட்ட அவ்வேற்பாட்டில்தான் நிலைபேறான மருத்துவத்தின் இன்றியமையாத பாதி இருந்தது.

4. பயணம், அழைப்பு, இன்ஹேலர்: ஓர் ஒப்பீடு

கணக்கொன்றை அவையின் முன் வைப்பது பொருத்தமாகும். புல்மோட்டையிலிருந்து திருகோணமலை நகருக்கு ஏறத்தாழ 55 கிலோமீற்றர்; போய்வர 110. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் ஓடும் முச்சக்கரவண்டி அதற்கு 4.4 லீற்றர் பெற்றோலை எரிக்கும்; ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 2.3 கிலோகிராம் காபனீரொட்சைட்டைத் தருவதால், ஒரு கிளினிக் பயணத்தின் தடம் ஏறத்தாழ 10 கிலோகிராம். அதே பயணம் 50 பேர் ஏறிய பஸ்ஸில் நடந்தால், வண்டி லீற்றருக்கு மூன்றரைக் கிலோமீற்றர் ஓடுவதாகவும் ஒரு லீற்றர் டீசல் 2.7 கிலோகிராம் தருவதாகவும் கொள்ளும்போது, ஒருவரின் பங்கு 2 கிலோகிராமுக்கும் குறைவு. அந்நோயாளர் ஏறாவிட்டாலும் பஸ் ஓடத்தான் போகிறது. மறுபுறம், காணொளி பார்க்கும் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 36 கிராம் என்று சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் ஆய்வாளர்கள் 2020 இல் கணித்தனர். அதைப் பத்து மடங்காக உயர்த்திக் கொண்டாலும் இருபது நிமிட அழைப்பு 120 கிராமைத் தாண்டாது. சுவீடனின் ஊமியோவில் செய்யப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வும், காரில் சில கிலோமீற்றர் பயணத்தை நீக்கினாலே தொலைமருத்துவம் இலாபமாகும் எனக் கண்டது. 2021 இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், ஓர் ஆலோசனைக்கு மிச்சமாகும் காபன் அளவு 0.70 கிலோகிராமிலிருந்து 372 கிலோகிராம் வரை வேறுபட்டது. இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு முதன்மையான காரணம் கருவியன்று. நோயாளர் எவ்வளவு தூரத்தில், எவ்வகை வாகனத்தை நம்பி வாழ்கிறார் என்பதே.

இக்கணக்கிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, தொலைமருத்துவம் பஸ் போக்குவரத்துள்ள நகர்ப்புறத்தைவிட முச்சக்கரவண்டியையும் வாடகை வானையும் நம்பியிருக்கும் தூரத்து ஊர்களிலேயே சூழலுக்கு அதிகம் உதவும். ஆனால் இணைய வசதி நகரில் சிறந்திருப்பதால் திட்டங்கள் அங்கேயே தொடங்கும் சாய்வு உடையவை. மற்றொன்று, பயணத்தைவிட மருந்துச் சீட்டு பெரிதாகும் இடங்கள் உண்டு. ஆஸ்துமாவுக்கான அழுத்த இன்ஹேலரில் மருந்தைத் தள்ளிவிடும் வாயு, காபனீரொட்சைட்டைவிட ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வெப்பமூட்டும் ஆற்றலுடையது. சில வகைச் சல்பியூட்டமோல் இன்ஹேலர்கள் ஒவ்வொன்றின் தடமும் ஏறத்தாழ 28 கிலோகிராம் என மதிப்பிடப்பட்டுள்ளது. வாயு குறைந்த வகைகளில் அது 10 கிலோகிராம் அளவில் நிற்கிறது. வாயுவே இல்லாத உலர்தூள் வகைகளில் ஒரு கிலோகிராமை எட்டுவதில்லை. அதாவது புல்மோட்டை நோயாளரின் பையிலுள்ள ஒரு குப்பி, அவர் முச்சக்கரவண்டியில் மூன்று முறை நகருக்குப் போய்வருவதற்கு ஏறத்தாழ நிகராகலாம். உலர்தூளை உறிஞ்சப் போதிய மூச்சு வேகம் வேண்டும் என்பதால் சிறு பிள்ளைகளுக்கும் கடுந்தாக்கத்திலுள்ளோருக்கும் அது பொருந்தாது. ஏனையோருக்கு எது தகும் என்பதை, அவர் உறிஞ்சும் முறையைக் கண்ணால் பார்த்துத் திருத்தித் தீர்மானிக்கும் கலந்தாய்வைக் காணொளியிலும் நடத்தலாம். தொலைமருத்துவம் மருந்தைச் செம்மைப்படுத்தவும் பயன்படுமானால், 71 சதவீதம் கிடக்கும் வழங்கல் சங்கிலியையும் அதன் கை எட்டும்.

5. மதுரையிலிருந்து ஒரு சான்று

மூன்று காரியங்களும் ஓரிடத்தில் கூடும் அமைப்புக்கு நன்கு வளர்ந்த எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் உள்ளது. வைத்தியர் கோ. வெங்கடசாமி 1976 இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2000களின் தொடக்கத்திலிருந்து சிற்றூர்களில் பார்வை மையங்களை அமைத்துவந்தது. இன்று அவை நூற்றுக்கும் மேற்பட்டவை. அம்மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதித்துப் படமும் அளவுகளும் எடுத்து அனுப்ப, தலைமை மருத்துவமனையிலுள்ள கண் வைத்தியர் காணொளியில் நோயாளரோடு பேசி முடிவு சொல்கிறார். கண்ணாடி தேவைப்படுவோருக்கு அது அங்கேயே கிடைக்கிறது. அறுவைச் சிகிச்சை வேண்டியவர் மட்டுமே நகருக்குப் போகிறார். சொல், பரிசோதனை, பண்டம் மூன்றும் ஒரு கூரையின் கீழ் வந்ததால்தான் அங்கு பயணம் உண்மையாகவே நீங்கியது.

அதே நிறுவனம் இன்னொரு பாடத்தையும் தருகிறது. 2017 இல் வெளியான ஆய்வொன்றின்படி, அரவிந்தில் செய்யப்படும் ஒரு கண்புரை அறுவைச் சிகிச்சையின் காபன் தடம் ஏறத்தாழ 6 கிலோகிராம். அது ஐக்கிய இராச்சியத்தில் அதே சிகிச்சைக்கு ஆகும் அளவில் இருபதில் ஒரு பங்கே. கருவிகளைத் தொற்றுநீக்கி மீளப் பயன்படுத்தல், ஒரே கூடத்தில் இடைவெளியின்றி அடுத்தடுத்துச் சிகிச்சை செய்தல், கழிவைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பல் ஆகியவற்றால் அது இயன்றது. சிக்கனம் சிகிச்சையின் தரத்தைக் குறைக்கும் என்னும் அச்சம் அங்கு பொய்த்தது. வறிய நாடுகளின் மருத்துவம் செல்வ நாடுகளைப் பார்த்தே சூழற் பண்பைக் கற்க வேண்டும் என்ற எண்ணமும் அதனோடு தளர்கிறது.

இந்திய அரசு 2019 இல் தொடங்கிய இ-சஞ்சீவனி சேவையும் இவ்விடத்தில் கருதத்தக்கது. அதில் இரு வழிகள் உண்டு: ஊர்ச் சுகாதார மையத்திலுள்ள பணியாளர் துணையோடு தூரத்து வைத்தியரைக் காணும் வழி ஒன்று, நோயாளர் வீட்டிலிருந்தே நேராக அழைக்கும் வழி மற்றொன்று. முதல்வழியில் குருதி அமுக்கம் பார்ப்பவரும் கையிருப்பிலுள்ள மருந்தைக் கொடுப்பவரும் பக்கத்தில் இருப்பதால், இவ்வுரையின் அளவுகோலின்படி அதுவே சூழலுக்கு உகந்தது.

6. துண்டிக்கப்படும் நாள்களில்

நிலைபேறு என்பதற்குத் தீங்கைக் குறைத்தல் ஒரு பொருள். தீங்கு வந்தபோதும் நின்று நிலைத்தல் மறுபொருள். இரண்டாவதைத் திருகோணமலை பட்டறிந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை கிண்ணியா வைத்தியசாலையையே அழித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழையில் மகாவலியின் கீழ்ப்பகுதி பெருக்கெடுத்து, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, மூதூர், வெருகல் பக்கத்துத் தாழ்நிலக் கிராமங்களிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

இயற்கையின் கை இல்லாமலும் வழி அடைபடலாம் என்பதை 2022 காட்டியது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. ஜூன் 27 முதல் ஜூலை 10 வரை எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்று மட்டுப்படுத்தப்பட்டது. தாதியரும் வைத்தியரும் கடமைக்கு வரவே எரிபொருள் வரிசையில் நின்றனர். இத்தனைக்கும், பிரித்தானியர் ஆட்சியில் அமைந்த 99 பாரிய எண்ணெய்க் குதங்கள் இம்மாவட்டத்தின் சீனக்குடாவில் நிற்கின்றன. அவற்றைக் கூட்டாக மேம்படுத்தும் உடன்படிக்கை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே அதே ஆண்டு ஜனவரியில்தான் கையெழுத்தாகியிருந்தது. அக்குதங்களைக் கொண்ட மாவட்டத்தின் நோயாளரும் ஏனைய மாவட்டத்தாரைப் போலவே வண்டிக்கு எண்ணெயின்றித் தவித்தனர். எரிபொருளை நம்பிய மருத்துவம் விலையாலும் போராலும் அந்நியச் செலாவணியாலும் ஆட்டுவிக்கப்படும் மருத்துவம் என்பது இதனால் தெளிவாகும். மாதம் ஒருமுறை 110 கிலோமீற்றர் போகவேண்டிய நோயாளர், ஆண்டில் நான்கு முறை மட்டும் போனால் போதும் என்னும் ஏற்பாடு இருந்திருக்குமாயின், அவரது முச்சக்கரவண்டிப் பயணத்தில் 80 கிலோகிராம் காபனீரொட்சைட்டு மிச்சமாகியிருக்கும்; அதைவிடப் பெரிதாக, அவருடைய குளிசை நின்றிராது.

7. எல்லைகள்

இவ்வாதத்துக்கு வரம்புகள் உண்டு. அவற்றை மறைத்தால் வாதமே வலுவிழக்கும்.

முதலாவது, உடலைத் தொட்டே செய்யவேண்டிய சிகிச்சை. மாவட்டத்தின் வடமேற்கிலுள்ள பதவி ஸ்ரீபுர, காரணம் உறுதிப்படாத நாட்பட்ட சிறுநீரக நோயால் நெடுங்காலமாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. நோய் முற்றியோருக்கு வேண்டிய இரத்தச் சுத்திகரிப்பு, நிமிடத்துக்கு அரை லீற்றர் கரைசல் வீதம் நான்கு மணி நேரத்துக்கு 120 லீற்றர் தூய நீரை எடுக்கும். அந்நீரைத் தூய்மையாக்கும்போது ஒதுக்கப்படுவது வேறு. வறண்ட வலயத்தில் இது சிறு செலவன்று. திரையால் இதில் ஆவது ஒன்றுமில்லை. ஒதுக்கப்படும் நீரைச் சேமித்துக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் திருப்புதலே வழி. தொலைமருத்துவத்தின் இடம் அதற்கு முந்திய கட்டத்தில், ஆரம்ப நிலையிலுள்ளோரை ஊரிலேயே கண்காணித்து முற்றவிடாமல் காப்பதில் உள்ளது. தவிர்க்கப்பட்ட சுத்திகரிப்பே நீர் சேமிப்பில் தலையாயது.

இரண்டாவது, மின்சாரமும் கருவியும். சம்பூரில் திட்டமிடப்பட்ட 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் 2016 இல் கைவிடப்பட்டு, 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின் திட்டம் தொடக்கி வைக்கப்பட்டது. திரை எந்த மின்சாரத்தில் ஒளிர்கிறது என்ற கேள்விக்கு இம்மாவட்டம் இரு விடைகளையும் தன் மண்ணிலேயே கண்டது எனலாம். கருவிகளைப் பொறுத்தவரை, 2022 இல் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு உண்டானதென்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதென ஆவணப்படுத்தப்பட்டது அதில் கால்பங்குக்கும் குறைவென்றும் ஐக்கிய நாடுகளின் மதிப்பீடு கூறுகிறது. நன்கொடையாக வந்து, பழுதுபார்க்க ஆளின்றி அலுமாரியில் கிடக்கும் கணினியும் அக்கழிவின் முதற்படியே.

மூன்றாவது, மொழி. தமிழும் சிங்களமும் பேசும் மூவின மக்கள் வாழும் மாவட்டத்தில், வைத்தியரின் மொழியும் நோயாளரின் மொழியும் ஒன்றாக இராத சந்தர்ப்பங்கள் பல. நேரில் முகக்குறிப்பாலும் கைகாட்டலாலும் ஓரளவு ஈடுசெய்யப்படும் அக்குறை, தெளிவற்ற காணொளியில் பெருகும். மூதாட்டியின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்துப் பேசச்சொல்வதைவிட, ஊரை அறிந்த தாதியோ குடும்பநல உத்தியோகத்தரோ அருகிருந்து இருபக்கமும் விளக்குவது மேலானது. அவ்வாறு மூன்றாமவர் ஒருவர் உடனிருக்கும்போது நோயாளரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இதற்கு அடிப்படையாகக் கொள்ளலாம்.

நான்காவது, வெள்ளமும் புயலும் வீதியை மட்டுமன்றித் தொலைத்தொடர்பையும் துண்டிக்கும். டித்வாவின்போது நாட்டின் பல பகுதிகளில் அது நிகழ்ந்தது. ஆகவே திரையை மட்டும் நம்பிய அமைப்பு, வீதியை மட்டும் நம்பிய அமைப்பைப் போலவே நொய்ந்தது. ஊரில் முன்கூட்டியே இருக்கும் மருந்தும், அதைக் கொடுக்கத் தெரிந்த ஆளுமே அந்நாள்களில் துணை.

8. செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து நான்கு பரிந்துரைகள் பெறப்படுகின்றன.

அ) தொலைமருத்துவத்தின் திரை நோயாளரின் வீட்டிலன்றி, அவருக்கு அண்மையிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலோ ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவிலோ முதலில் வைக்கப்பட வேண்டும். புல்மோட்டை, ஈச்சிலம்பற்று, கோமரங்கடவல போன்ற தூரத்துப் பகுதிகளில் தொடங்கி நகரை நோக்கி வருவது முறை.

ஆ) ஒவ்வொரு காணொளிக் கிளினிக்கும், அதே நாளில் அதே இடத்தில் இரத்த மாதிரி எடுத்தலோடும், நிபுணர் எழுதிய மருந்தை அங்கேயே வழங்குதலோடும் பிணைக்கப்பட வேண்டும். மாதிரிகளைக் கொண்டுசெல்லும் வாகனமே திரும்பும்போது மருந்தைக் கொண்டுவரலாம்; நோய் கட்டுப்பாட்டிலுள்ளோருக்கு இரண்டு அல்லது மூன்று மாத மருந்தை ஒன்றாகக் கொடுக்கலாம்; நடமாட இயலாதோருக்கு 2020 இன் தபால் ஏற்பாட்டை நிரந்தரமாக்கலாம்.

இ) அவ்விடங்களின் கூரையில் சூரியத் தகடும் மின்கலமும் அமைத்தால், தடுப்பூசிக் குளிர்சாதனப் பெட்டியும் தொலைத்தொடர்புக் கருவியும் மின்வெட்டிலும் இயங்கும், டீசல் மின்பிறப்பாக்கியின் தேவை சுருங்கும். கருவி வாங்கும் ஒப்பந்தத்திலேயே பழுதுபார்த்தலும் மீளப்பெறுதலும் நிபந்தனையாக எழுதப்பட வேண்டும்.

ஈ) கணக்கு வேண்டும். கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியை எழுதும் உத்தியோகத்தர், நோயாளர் எவ்வூரிலிருந்து, எந்த வாகனத்தில் வந்தார், வந்த காரியம் மூன்றில் எது என்று மூன்று சொற்கள் கூடுதலாக எழுதினால் போதும். ஓராண்டில் மாவட்டம் முழுவதற்குமான பயணப் படம் கிடைத்துவிடும். எந்த ஊரில் எந்தக் காரியத்தை அருகே கொண்டுவந்தால் எத்தனை பயணம் நீங்கும் என்பதை அது சொல்லும். இதற்குப் புதிய மென்பொருளோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை.

இந்த நான்காவது பரிந்துரையே ஏனைய மூன்றுக்கும் அடிப்படை. பயணம் கணக்கில் ஏறாதவரை, திரை வாங்கியவர் திரையை எண்ணிக்கொண்டிருப்பார். மருந்து வாங்கியவர் மருந்தை எண்ணிக்கொண்டிருப்பார். இரண்டுக்கும் இடையே வீதியில் கழியும் நாளும் எரியும் எண்ணெயும் எவருடைய பொறுப்பிலும் வராது. இங்கு அமர்ந்திருக்கும் மருத்துவ, சுற்றாடல் மாணவர்கள் தம் ஆய்வுக்குப் பொருள் தேடும்போது, ஒரேயொரு கிளினிக்கை எடுத்துக்கொண்டு அம்மூன்று சொற்களை ஓராண்டு பதிந்து பார்ப்பார்களாயின், இவ்வுரையின் கருத்து திருகோணமலையின் சொந்த எண்களால் உறுதிப்படும் அல்லது திருத்தப்படும். இரண்டில் எது நிகழினும் இவ்வறக்கட்டளையின் நோக்கம் நிறைவேறும்.